ஆறுச்சாமி இல்லாத ஆட்டம்

விளையாட்டு மாஸ்டர் உத்தியோகம் என்பது, ஜெயித்தால் பந்து போட்டவனுக்கு மாலையும், தோற்றால் விசில் வைத்திருப்பவனுக்கு வசவும் கிடைக்கிற உத்தியோகம். நீங்களும் எங்காவது பள்ளிக்கூடத்திலோ மில்லிலோ கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றவர் என்றால், இதைப் படிக்கும்போது பெருமூச்சு விடுவீர்கள். தாராளமாக விடுங்கள். நானும் விட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன்.

பைக்காரா கரண்டு வந்து, கோயமுத்தூரைச் சுற்றிச் சோளக்காடெல்லாம் மில்லாக மாறிக்கொண்டிருந்த முப்பதுகள் அவை. கணபதிக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் எனக்கு வேலை. முதலாளி மெட்ராஸ் போனபோது எங்கேயோ பாஸ்கெட்பால் ஆட்டம் பார்த்துவிட்டார். திரும்பி வந்ததும் பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் இரண்டு கம்பம் நட்டு, கம்பத்துக்கொரு இரும்பு வளையம் மாட்டி, என்னையும் கொண்டுவந்து நிறுத்தினார். டீம் மட்டும்தான் பாக்கி.

பஞ்சு எறிந்தவன்

மில்லிலேயே மோசமான இடம் புளோ ரூம். பொதியிலிருந்து பஞ்சைப் பிரித்து மெஷினுக்குள் போடுகிற இடம். உள்ளே போன ஆள் வெளியே வரும்போது தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்து, சாயங்காலத்துக்குள் கிழவனாகிவிடுவான். இருமல் மட்டும் கூடவே வீட்டுக்கு வரும். அந்த புளோ ரூம் மேஸ்திரி ஒருநாள் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஒல்லியாக, பனைமரத்துக்குப் பாதி உயரத்தில் இருந்தான். பெயர் ஆறுச்சாமி. மெஷின் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, பஞ்சைக் கட்டியாக உருட்டி உள்ளே வீசுகிறான், இது என்ன பழக்கம், உங்கள் டிரில்லில் சேர்த்து நாலு சுற்று ஓடவிட்டு ஒழுங்கு பண்ணுங்கள் என்றார் மேஸ்திரி.

வீசியதில் எத்தனை வெளியே விழுந்தது என்று கேட்டேன். மேஸ்திரி கொஞ்சம் யோசித்துவிட்டு, விழவில்லை என்றார். நான் ஆறுச்சாமியின் கையில் பந்தைக் கொடுத்து வளையத்தைக் காட்டினேன். இரண்டு கையாலும் முட்டிக்குக் கீழே இருந்து அள்ளிப் போட்டான். வளையத்தில் படாமல் உள்ளே போனது. இன்னொன்று. அதுவும் போனது. மேஸ்திரி வாயைத் திறந்தபடி நின்றார். எதற்காக அப்பா வாசலிலேயே நிற்கிறாய் என்று ஆறுச்சாமியைக் கேட்டதற்கு அவன் சொன்னான்: "கிட்டப் போனா தூசிங்க. தூரத்தால நின்னு போட்டாலும் பஞ்சு உள்ளதானுங்க போகுது."

நாலு வேலிக்கல்

ஆறுச்சாமி வந்த பிறகு நாங்கள் தோற்பதே அபூர்வமாகிவிட்டது. எங்கள் கணக்கில் ஏறிய கூடைகளில் முக்கால்வாசிக்கு மேல் அவனுடையது. கணபதியிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். மானேஜர் மகிழ்ந்துபோய் அவனை புளோ ரூமிலிருந்து எடுத்து நூல் குடோனில் போட்டார். குடோனில் தூசி கிடையாது, ஜன்னல் உண்டு, காற்று வரும். ஒரே ஒரு நிபந்தனை: கூடை விழுந்துகொண்டே இருக்க வேண்டும். ஆறுச்சாமியின் இருமல் நின்றது.

சிக்கல் என்னவென்றால், அவன் கைக்குப் போன பந்து வேறு யார் கைக்கும் வராது. காப்டன் நாச்சிமுத்து, மில்லில் ஃபிட்டர். ஆள் குட்டை, கால் நெட்டை, வாய் அதைவிட நெட்டை. எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்கி, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து ஆறுச்சாமியிடம் கொடுப்பான். அவ்வளவோடு அவன் வேலை முடிந்தது. நாங்கள் நாலு பேரும் ஆடுகிறோமா, இல்லை வேலிக்கல் மாதிரி மூலைக்கு ஒன்றாக நட்டு வைத்திருக்கிறீர்களா என்று என்னைப் பிடித்துக்கொண்டான். நியாயம்தான். ஆறுச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் அப்பா யாருக்கும் பாஸ் கொடுப்பதில்லை என்று கேட்டேன். அவன் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னான்: "அவிங்ககிட்டக் குடுத்தா வேற பக்கமாப் போயிருதுங்க மாஸ்டர். என்ற கையில இருந்தா கூடைக்குத்தானுங்க போகுது."

பவானிக்குப் போன ஆள்

ஒரு கல்லூரி டீமோடு மேட்ச் வைத்திருந்தோம். அதற்கு முன்னால் ஆறுச்சாமி, பவானியில் பெண்டாட்டியின் தங்கைக்குக் கல்யாணம் என்று லீவு கேட்டான். மேட்ச் அன்று காலையில் வந்து இறங்கிவிடுவதாகச் சத்தியம் பண்ணினான். மேட்ச் அன்று பஸ் வந்தது, ஆள் வரவில்லை. நான் கல்லூரி மாஸ்டரிடம் ஓடி, ஆட்டத்தை ஒத்திவைக்க முடியுமா என்று கெஞ்சினேன். ஆறுச்சாமி வரவில்லை என்று கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, கெஞ்சுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தாவது ஆளாக ஆபீஸ் டைப்பிஸ்ட்டை இறக்கினேன். மூக்குக் கண்ணாடியை நூலால் தலையோடு கட்டிக்கொண்டு வந்தார். நான் பார்க்கவே கூடாது என்று முதலில் திரும்பி நின்றேன். சத்தம் வேறு மாதிரி கேட்டது. திரும்பினால், பந்து ஒரு கையில் தங்காமல் ஐந்து பேரிடமும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரை மறிப்பது என்று தெரியாமல் கல்லூரிப் பையன்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். டைப்பிஸ்ட்கூட ஒரு கூடை போட்டார். எந்த வளையம் நம்முடையது என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார். நாச்சிமுத்துவுக்கு இடது கையாலும் போட வரும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சுலபமாக ஜெயித்தோம். ஆட்டம் முடிந்தும் நாச்சிமுத்து பந்தைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னான்: "இந்தப் பந்து இத்தனை கனம் இருக்கும்னு இன்னைக்குத்தானுங்க மாஸ்டர் தெரிஞ்சுது."

காப்பி கிளப் தீர்ப்பு

மறுநாள் மில் கேட்டுக்கு எதிரே இருந்த காப்பி கிளப்பில் இதே பேச்சு. ஆறுச்சாமி இல்லாவிட்டால்தான் டீம் நன்றாக ஆடுகிறது என்று ஒரு கட்சி. ஏதோ ஒருநாள் குருட்டு அதிர்ஷ்டம், அவன் இல்லாவிட்டால் டீமே இல்லை என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவே இட்லி ஆறிக்கொண்டிருந்தது. பாஸ்கெட்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாதவர்கள்தான் அதிகம் கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆறுச்சாமி தோளில் ஒரு ஜமக்காளத்தோடு வந்து சேர்ந்தான். கல்யாண வீடு அக்கரையில், ஆற்றில் வெள்ளம், பரிசல் விடவில்லை என்றான். பிறகு மேட்ச் என்ன ஆயிற்று என்று கேட்டான். ஜெயித்துவிட்டோம் என்றேன். நல்லதுங்க என்றான். அப்புறம் யார் யார் போட்டார்கள் என்று விசாரித்தான். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினான். டைப்பிஸ்ட் பெயர் வந்ததும் தலை நின்றுவிட்டது. ஜமக்காளத்தைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிடப் பாவமான விஷயம் மத்தியானம் வந்தது. மானேஜர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், நலம் விசாரித்தார், பிறகு தன்மையாகத்தான் கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், அவன் இல்லாமயே ஜெயிக்கறதுன்னா, அவனுக்குக் குடோன் எதுக்குங்க? புளோ ரூமுல ஆள் பத்தலீங்களே."

மானேஜர் பார்த்த மேட்ச்

ஒரு மேட்சை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம் என்று வாதாடிப் பார்த்தேன். அது எனக்கே வினையாயிற்று. சரி, அதே கல்லூரி டீமை மறுபடி கூப்பிடுங்கள், ஆறுச்சாமியை வெளியே உட்கார வையுங்கள், நானே வந்து பார்க்கிறேன் என்றார் மானேஜர். ஜெயித்தால் ஆறுச்சாமி திங்கட்கிழமை புளோ ரூமுக்குப் போக வேண்டும். என் டீம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டுவதா, தோற்க வேண்டும் என்று வேண்டுவதா? எந்தச் சாமியிடம் போய் எப்படிக் கேட்பது? நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மில்லில் ரகசியம் ஏது? மேட்சுக்கு முந்தியே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மானேஜர் குடை, நாற்காலி, சோடா சகிதம் வந்தார். பக்கத்து மில் மானேஜரையும் விருந்தாளியாக அழைத்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஆறுச்சாமி கோட்டுக்கு வெளியே தரையில் குந்தியிருந்தான். ஆட்டம் ஆரம்பித்தது. நாச்சிமுத்து வளையத்துக்கு நேர் கீழே நின்று போட்டான்; பந்து கிடங்குக் கூரைமேல் விழுந்தது. அடுத்தவன் பந்தைப் பிடிக்கப் போய் வேட்டி தடுக்கியவன் மாதிரி விழுந்தான். அவன் போட்டிருந்தது அரை நிக்கர். டைப்பிஸ்ட் பாவம், நடிப்பதற்கு அவசியமே இல்லாமல் ஆடினார். தோல்வியென்றால் அப்படியொரு தோல்வி. பக்கத்து மில் மானேஜர் எங்கள் மானேஜரைப் பரிதாபமாகப் பார்த்தார். எங்கள் மானேஜர் எழுந்து, ஆறுச்சாமி குடோனிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நாச்சிமுத்துவை மறித்தேன். ஆறுச்சாமியைப் பற்றி என்னிடம் அதிகமாகப் புகார் சொன்னவனே நீதானே என்று கேட்டேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பந்து குடுக்காத பயதானுங்க. அதுக்குன்னு புளோ ரூமுக்கா அனுப்பறது?"

முதல் பாஸ்

ஆறுச்சாமி ஒன்றும் கேட்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் கண் என்ன குருடா? மறுநாள் பிராக்டிஸில் பந்து அவன் கைக்குப் போனது. வளையத்தைப் பார்த்தான். பிறகு ஏதோ கடனே என்று கழுத்தைத் திருப்பி, நாச்சிமுத்துவுக்குப் போட்டான். இத்தனை நாளில் அவன் கொடுத்த முதல் பாஸ். இப்படியொன்று நடக்கும் என்று கனவிலும் நினைக்காத நாச்சிமுத்து வாய் பிளந்து நிற்க, பந்து அவன் நெஞ்சில் மோதி, கோட்டைத் தாண்டி, கற்றாழைப் புதருக்குள் போய்விட்டது. மைதானமே சிரித்தது. ஆறுச்சாமி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினான்: "பாத்தீங்களாங்க மாஸ்டர், வேற பக்கமாப் போயிருச்சுங்களா?"

மேஸ்திரியின் மேட்ச்

பக்கத்து மில் மானேஜர் அன்றைய தோல்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை. எங்கள் டீமின் உயிர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்குள் ஆறுச்சாமிக்கு ஆள் விட்டார். குடோன் வேலை இல்லை, மேஸ்திரி வேலை. கூடவே இரண்டு அறை வீடு. ஆறுச்சாமி என்னிடம் வந்து, போகட்டுமா என்று கேட்டான். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? போய்ட்டு வாரேனுங்க என்று கும்பிட்டான். வருவதற்குப் போகிறவன் மாதிரி தெரியவில்லை. நாச்சிமுத்து, அவன் ஜமக்காளத்தைச் சுமந்துகொண்டு பஸ் வரைக்கும் போனான்.

அந்த வருஷமே இரண்டு மில்லுக்கும் மேட்ச் வந்தது. அவர்கள் ஐந்து பேரில் நாலு பேர் பந்தை எடுத்து எடுத்து ஆறுச்சாமியிடம் கொடுத்தார்கள். எனக்குப் பழைய படத்தைத் திரும்பப் பார்ப்பது போலிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அவனை அங்குலம் அங்குலமாகத் தெரியும். இரண்டு பேர் அவனோடேயே ஒட்டிக்கொண்டார்கள். அப்படியும் அவன் போட்டுக்கொண்டுதான் இருந்தான், அன்றைக்கு அதிகக் கூடை போட்டவன் அவன்தான். ஆனால் எங்கள் பக்கம் ஐந்து பேரும் போட்டார்கள். நாங்கள் ஜெயித்தோம்.

அவர்கள் மானேஜர் நேராக என்னிடம் வந்து, இவன் இருந்தால் ஜெயிக்கலாம் என்றுதானே கூட்டிவந்தோம், தெரிந்தேதான் எங்கள் தலையில் கட்டினீர்களா என்று குமுறினார். விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஆறுச்சாமி பனியன்மேல் மேஸ்திரிக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தான். நாச்சிமுத்துவின் முதுகில் ஓங்கித் தட்டி, அன்றைக்கு மானேஜர் முன்னால் விட்டதையெல்லாம் இன்றைக்குச் சேர்த்துப் போட்டுவிட்டாயே என்றான். இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தோற்றதில் வருத்தம் இல்லையா என்று நான் கேட்டேன். ஆறுச்சாமி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "டீமுதானுங்க தோத்துச்சு மாஸ்டர். மேஸ்திரி எங்கீங்க தோத்தாரு?"

ஆறுச்சாமி இல்லாவிட்டால்தான் எங்கள் டீம் நன்றாக ஆடியதா என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. எங்கள் டீம் இல்லாமல் ஆறுச்சாமி நன்றாக இருந்தான் என்பதை மட்டும் எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்வேன்.