முள்வேர் பறிக்கும் பதம்

என் மகள் ஓடைக்குள் இறங்குகிறாள் என்றால் இப்போதும் எனக்குப் பயம்தான். நாகலாபுரம் பக்கமாக ஓடி வைப்பாற்றில் சேரும் ஓடை அது. வருஷத்தில் பாதி நாள் ஆடு மேயும் வெறும் பள்ளம்தான். ஒரு தடவை பெய்த பெருமழையில், உள்ளே சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் போக வழியில்லாமல் தரைப்பாலத்தின் மேல் ஏறிவிட்டது. கல்லூரியிலிருந்து அவள் வந்த பஸ் அக்கரையிலேயே நின்றது. நாலைந்து பேராகக் கைகோத்து நடந்து வந்தார்கள். நான் இக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுப்பாலத்தில் அவள் கை நழுவி, வெள்ளம் இழுத்துப்போனது. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு சீமைக்கருவேலத்தைப் பிடித்துத் தொங்கினாள். கயிறு வீசி இழுத்தோம். உள்ளங்கை முழுக்க முள்.

பாலத்தின் மேல் வெள்ளம் ஏறியதற்குக் காரணம் அந்த மரம். அவள் பிழைத்ததற்கும் அதே மரம்தான் காரணம். எனக்கு இரண்டாவதுதான் மனதில் நின்றது, அவளுக்கு முதலாவது. ஓடையைச் சுத்தம் செய்யக் கிளம்பிய ஊர்க்காரர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முதல் தடவை, விறகை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டக்காரர்களைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார்கள். எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை வேரோடு யாரும் எடுப்பதில்லை. மறுபடி தழைத்தால்தானே அடுத்த மூட்டத்துக்கு விறகு? பழக்கத்தில் அடித்தூரை விட்டுவிட்டார்கள். யாருக்கும் அது உறைக்கவில்லை. ஒரு மழைதான் பெய்தது. ஒவ்வொரு தூரிலும் கொத்துக் கொத்தாகக் கிளைத்து, ஓடை முன்பைவிட அடர்ந்துவிட்டது.

இனி வேரைத்தான் பறிக்க வேண்டும். கரிசல் மண்ணில் அதற்கு ஒரு பதம் உண்டு. கோடையில் மண் கல்லாக இறுகி, இழுத்தால் வேர் பாதியில் ஒடியும். மழை ஈரத்தில் கடப்பாரையைக் குத்தினால் திரும்ப உருவ முடியாது. மழை விட்டுச் சில நாள் வெயில் அடித்து மண் பொலபொலக்கும்போது இறங்க வேண்டும். அது ஐப்பசியில், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் வரும். எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் வரக்கூடிய நேரம்.

“நீதான் போணுமா? வேற யாராவது செய்யட்டும்” என்றேன்.

“வேற யாருப்பா? அவிய வீட்லயும் அப்பா இருப்பாவல்ல?”

நானும் கூடப் போனேன். கரையில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வெயில் அடித்தாலும், கோவில்பட்டிப் பக்கம் பெய்தால் எங்கள் ஓடைக்குத் தண்ணீர் வந்துவிடும். அங்கே இருக்கும் ஆபீஸ் நண்பரிடம் மேகம் கூடினால் போன் போடச் சொல்லியிருந்தேன்.

மகளுக்குப் பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த கரிமூட்டக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணாச்சி மேகத்துக்குக் காவல் நிக்காவ. சம்பளம் யாரு குடுக்கா?”

“சும்மா இருங்கக்கா. அப்பா மொறைக்கிற மொறைப்புக்கு உள்ள மழையும் ஓடிரும்” என்றாள் மகள்.

மத்தியானம் போன் வந்தது. அங்கே ஊற்றுகிறதாம். தண்ணீர் வந்து சேர நேரமாகும் என்று தெரியும். ஆனாலும் கரையிலிருந்து கத்தினேன்.

“ஏட்டி, மேல வா. போதும்.”

“இந்த ஒண்ணு பாதி வந்துட்டுப்பா. விட்டா மறுபடி தழைச்சிரும்.”

அவளும் அந்தப் பெண்ணும் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேர் அசைந்ததே தவிர வரவில்லை. கரையில் நின்று கத்துவதைவிட இறங்குவது சுலபம் என்று தோன்றியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்று பேர் பிடித்ததும் வேர் ஈர மண்ணோடு நீளமாக உருவிக்கொண்டு வந்தது. பறித்ததையெல்லாம் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் மேலே ஏறினோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வேர் பறித்த இடத்தில் நேராக ஓடி, பாலத்துக்கு அடியிலேயே போனது. ரோடு நனையவில்லை. கீழே, இன்னும் கை வைக்காத வளைவில் மட்டும் முட்டித் தேங்கி நின்றது.

அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த வளைவு பாக்கி இருக்கு. தண்ணி வத்திப் பதம் வரட்டும்” என்றாள்.

“எப்பம்னு முன்னாலயே சொல்லு. நான் லீவு போடணும்” என்றேன்.