பீரோ மேல் ஒரு பிரதி

பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்கு இணையம் கிடையாது. போனில் சிக்னல் என்னவோ முழுசாகக் காட்டும். ஆனால் கிரிவலம் வருகிற அத்தனை பேர் கையிலும் ஒரு போன் இருக்கும்போது எங்கள் வேலைக்கு யார் வழி விடுவார்கள்? நானும் என் கணவரும் வீட்டிலிருந்தே தங்கும் விடுதிகளுக்கு அறைப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்துவந்தோம். ஆளுக்கொரு லேப்டாப். ஒருவர் எழுதுவதை இணையத்தில் இருக்கும் பொதுக் கிடங்கில் ஏற்ற வேண்டும், மற்றவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கிடங்கு எட்டாத நாளில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தை இரண்டு விதமாக எழுதி வைத்துவிட்டு மறுநாள் மல்லுக்கட்டுவோம்.

அதற்கு அவர் ஒரு வழி செய்தார். தன் பழைய லேப்டாப்பை பீரோ மேல் வைத்து, இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள் ஓடும் வைஃபையில் இணைத்து, அதை இரண்டாவது கிடங்காக்கினார். ஏற்றவும் எடுக்கவும் நாங்கள் பயன்படுத்தும் கிட் என்ற மென்பொருளில் இப்படி 'ரிமோட்' எனப்படும் வெளிக் கிடங்குகளை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கலாம். இதற்கு அவர் வைத்த பெயர் 'பீரோ'. வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று சிரித்தேன்.

"பீரோ மேல இருக்கறதுக்கு பீரோனுதான் பேரு வெப்பாங்க. பின்ன ரோஜாப்பூனா வெப்பாங்க?" என்றார்.

பௌர்ணமியன்று எல்லாம் பீரோவுக்குப் போகும். மறுநாள் காலை கூட்டம் கலைந்ததும் அதிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றுவது என் வேலை. யார் ஏற்றினாலும் "ஏத்திட்டேன்!" என்று கத்த வேண்டும், மற்றவர் "எடுத்துக்கறேன்!" என்று பதில் கத்த வேண்டும். மாமியாருக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னாத்த ஏத்தறீங்க, இன்னாத்த எடுக்கறீங்க? ஒரு மூட்டையக் கூட காணோம்" என்பார்.

செங்கம் ரோட்டில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் ஒரு முறை புகார் சொல்லியிருந்தார். பௌர்ணமி ஒரு தேதியில் தொடங்கி அடுத்த தேதியில் முடியும். எங்கள் மென்பொருள் முதல் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுநாள் அறை காலி என்று காட்டியது. ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு வந்து நின்றால் அந்த மனிதர் என்ன செய்வார்? என் கணவர் ஒரு பௌர்ணமி பகல் முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். சாயங்காலம் "ஏத்திட்டேன்!" என்றார். காலையில் எடுத்தால் போதும் என்ற நினைப்பில், நான் மாவு அரைத்துக்கொண்டே "எடுத்துக்கறேன்!" என்றேன்.

காலையில் விடுதிக்காரருக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினார். வழியில் ஒரு வேன் இடித்தது. அவரும் திரும்பி வரவில்லை, அந்த லேப்டாப்பும் உருப்படியாக வரவில்லை. இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியம் எல்லாம் முடிந்து பல வாரம் கழித்துத்தான் என் லேப்டாப்பைத் திறந்தேன். அவர் கடைசியாக எழுதியது பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்ற ஒரே நினைப்பில்தான் திறந்தேன். எல்லாக் கிடங்கிலிருந்தும் எடு என்று கட்டளை கொடுத்தேன். இணையக் கிடங்கு பதில் சொன்னது. பீரோவுக்காக வெகுநேரம் காத்திருந்துவிட்டு, தொடர்பு கிடைக்கவில்லை என்றது. நிமிர்ந்து பார்த்தேன். பீரோ மேல் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

பதினாறாம் நாள் அவர் சட்டைகளைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தபோது, மாமியார் அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் தன் அண்ணன் பேத்தி காலேஜ் சேர்ந்திருக்கிறாள் என்று.

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"சும்மாதானேம்மா கெடந்துச்சு. யாரும் தொறந்து பாத்ததே இல்லையே" என்றார். அவருக்குத் தெரிந்து மகனுடைய கம்ப்யூட்டர் என்பது அவன் தோளில் மாட்டிக்கொண்டு போனதுதான். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் அன்றைக்கு நான் அவரை விடவில்லை.

அப்போதே பஸ் ஏறினேன். அந்தப் பெண் லேப்டாப்பை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "ரொம்ப ஸ்லோவா இருந்துச்சுக்கா. கடையில குடுத்து எல்லாத்தயும் அழிச்சுட்டு புதுசா போட்டுக் குடுத்தாங்க." வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். வெறும் பெட்டி எனக்கு எதற்கு? திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அதில் பெரிய அதிசயம் எதுவும் இருந்திருக்காது. தேதிக் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் அவர் விரல் கடைசியாக எழுதியது அது.

வேலையில் கைகொடுக்க வந்த சென்னைத் தோழி ஒருத்தி, "அந்த பீரோ ரிமோட்டத் தூக்கிடு. ஒவ்வொரு வாட்டியும் அதுக்காக வெயிட் பண்ணுது" என்றாள். பண்ணட்டும் என்றேன். பதில் வராவிட்டாலும் திரையில் அந்தப் பெயர் வந்துகொண்டிருந்தது, எனக்கு அது போதும்.

விடுதிக்காரர் நல்ல மனிதர், மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேறு வழியில்லாமல் அந்தத் திருத்தத்தை நானே எழுதினேன். கிட்டில் எழுதியவர் பெயரை மாற்றிப் போட இடமுண்டு. என் கணவர் பெயரைப் போட்டேன். பிறகு மறுபடி படித்துப் பார்த்தேன். வரிக்கு வரி விளக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர் சோம்பேறி, ஒரு விளக்கம் எழுத மாட்டார். இது அவருடையது இல்லை. அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.

அந்தச் சூட்டிலேயே பீரோவை நீக்கும் கட்டளையையும் அடித்தேன். நிச்சயம்தானா என்று ஒரு வார்த்தை கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை, போய்விட்டது. பிறகு என் திருத்தத்தை இணையத்தில் ஏற்றினேன்.

"ஏத்திட்டேன்!"

பழக்க தோஷம், வாய் தானாகக் கத்திவிட்டது. உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அந்தச் சண்டைக்குப் பிறகு நானும் மாமியாரும் சாப்பாட்டு வேளைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சம் பொறுத்துச் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எடுத்துக்கறேம்மா."