மட்டாஞ்சேரிக்கு வந்த ஏரிப் பூச்சி

பேய், சகுனம், குறி, இதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாதுங்க. பல்லி கத்துச்சுன்னு வெளியே கிளம்பாம உக்காந்திருக்கறவங்களைக் கண்டா எனக்குச் சிரிப்புதான் வரும். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்றேன்னு மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க. நடுவுல சிரிப்பு வந்தா சிரிச்சுக்கங்க, எனக்குக் கோபமில்ல, ஆனா நடந்தது நடந்ததுதான்.

எங்க வீடு கடலோரத்து மட்டாஞ்சேரியில, மிளகுக் குடோனுக்குப் பின்னாடி சந்துல. ஒரு அறை, ஒரு அடுக்களை, அவ்வளவுதான். நான் ஃப்ளை கட்டறவ. ஃப்ளைன்னா நிஜ ஈ இல்ல, ட்ரவுட் மீன் பிடிக்கறதுக்காக தூண்டில் முள்ளுல சேவல் கழுத்து இறகையும் பட்டுநூலையும் சுத்தி, பூச்சி மாதிரியே செய்யற சாமான். கோழிக்கடை சேட்டன் எனக்குன்னு இறகு எடுத்து வெப்பாரு. "கோழி வேண்டாம், தூவல் மாத்திரம் மதியோ சேச்சீ?"ன்னு, இறகு மட்டும் போதுமா அக்கான்னு, கடையில ஆள் நிக்கும்போதுதான் கிண்டல் பண்ணுவாரு, தனியா இருந்தா வாயே திறக்க மாட்டாரு.

எங்க வீட்டுக்காரர் சுந்தரம், மூணாறுக்கு மேல ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள்ள மீன் பிடிக்க வர்றவங்களைக் கூட்டிட்டுப் போற வேலை பார்க்கறாரு. அதுல பெரிய விஷயமே எந்த ஃப்ளையை எடுக்கறதுங்கறதுதான். அன்னிக்குத் தண்ணி மேல எந்தப் பூச்சி பறக்குதோ அதே மாதிரி ஃப்ளையைப் போட்டாத்தான் ட்ரவுட் வாயைத் திறக்கும், இல்லேன்னா தங்கத்துல செஞ்சு போட்டாலும் திரும்பிப் பார்க்காது. மிதக்கற ஃப்ளை மேல இருக்கற ஏரிக்கு. செம்புக்கம்பி சுத்தின மூழ்கற ஃப்ளை கீழே இருக்கற ஓடைக்கு. ஏரியா ஓடையான்னு முந்தின நாள் சாயங்காலமே எஸ்டேட் ஆபீசுக்குச் சொல்லிடணும், அனுமதி ஏதாவது ஒண்ணுக்குத்தான், அங்கே போய் மனசை மாத்திக்க முடியாது. அதனால மலையேறறதுக்கு முந்தின நாள் எஸ்டேட் காவல்காரருக்குப் போன் பண்ணி, என்ன பூச்சி பறக்குதுன்னு கேட்டுட்டுத்தான் எதையும் முடிவு பண்ணுவாரு.

அன்னிக்கு ஐப்பசி மழை, இங்கே துலாவர்ஷம்னு சொல்லுவாங்க, இடியும் மின்னலுமா கொட்டிட்டு அப்பதான் விட்டிருந்துது. மறுநாள் மீன் பிடிக்க ஒரு டாக்டரைக் கூட்டிட்டுப் போகணும். காவல்காரர் போன் கிடைக்கவே இல்ல. மேஜை மேல ரெண்டு தட்டு, ஒண்ணுல மிதக்கறது, ஒண்ணுல மூழ்கறது. ரெண்டையும் பார்த்துப் பார்த்து இவரு உக்காந்திருக்காரு, சாயா ஆறிப்போய் ஆடை கட்டிடுச்சு.

"இதுல என்னங்க யோசனை? பெரிய மீனெல்லாம் ஓடையிலதானே கிடக்கு. போன தடவையே வெறுங்கையோட வந்தீங்க. நானும் கண்ணு பூத்துப்போக மூழ்கற ஃப்ளையாக் கட்டி வெச்சிருக்கேன், ஓடைக்கே போங்க"ன்னேன். நான் பிடிச்சா ஒரே பிடிதான், அவருக்கும் தெரியும். சரின்னுட்டு ஆபீசுக்குச் சொல்லப் போனைக் கையில எடுத்தாரு.

அப்பத்தான் ஜன்னல் வழியா வந்துதுங்க. முதல்ல நான் ஈசல்னுதான் நினைச்சேன், மழை விட்டா வராதா பின்னே. விளக்குமாத்தைக்கூட எடுத்துட்டேன். ஆனா ஈசல்னா நேரா லைட்டுக்குத்தானே போகும், ட்யூப் லைட் பளிச்சுன்னு எரியுது, ஒண்ணுகூட அது பக்கம் போகல. கூட்டமா வந்து, சத்தமே இல்லாம, நான் கட்டின ஃப்ளை மேலதான் இறங்குச்சு. அதுவும் மிதக்கற ஃப்ளைத் தட்டுல மட்டும். நம்புங்க நம்பாட்டிப் போங்க, ஒரு ஃப்ளைக்கு ஒரு பூச்சி, பக்கத்துல பக்கத்துல, ஜோடி சேர்ந்த மாதிரி. ஓடைக்கான தட்டு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கு, அதுல ஒண்ணும் உக்காரல.

சிறகு ரெண்டும் நிமிர்ந்து நிக்குது, வால்ல மயிரிழை மாதிரி நீளமா நூல். எனக்கு அதை நல்லாத் தெரியும், இவரு எப்பவோ ஏரியிலேர்ந்து தீப்பெட்டியில கொண்டுவந்து குடுத்ததைப் பார்த்துத்தானே நான் கட்டவே கத்துக்கிட்டேன். சுத்தமான குளிர்ந்த தண்ணியில பிறக்கற ஜீவன் அது. எங்க சந்துப் பக்கம் இருக்கறது சாக்கடை வாய்க்காலும் உப்புக் காயலும், கொசுதான் பிறக்கும். எங்கேர்ந்து வந்துது சொல்லுங்க.

குனிஞ்சு பார்த்தா எது நான் கட்டினது, எது உசிரோட இருக்கறதுன்னு எனக்கே தெரியல. மூச்சு விட்டேன், எல்லாச் சிறகும் ஒண்ணா நடுங்குச்சு. பயம் வரலீங்க. சத்தியமாப் பயமில்ல. கோயில் நடை திறக்கும்போது உள்ளே ஒண்ணு குளிர்ந்துபோகுமே, அப்படி. விளக்குமாத்தைக் கீழே போட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன், ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் இருந்துதுங்க. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்துல எழும்பி, வந்த ஜன்னல் வழியாவே போயிடுச்சு. ஒரு சிறகுகூட உதிரல.

இவரு ரொம்ப மெதுவா, "லதா, எது பறக்குதோ அதைத்தானே நான் எடுப்பேன். இன்னிக்குப் பறந்தது இதுதான்"னு சொல்லிட்டு, ஆபீசுக்குப் போன் போட்டு ஏரின்னு சொல்லிட்டாரு. நான் மூழ்கற ஃப்ளைத் தட்டை எடுத்து அலமாரியில வெச்சுட்டேன். எங்க கல்யாணத்துக்கப்புறம் நான் எதிர்த்துப் பேசாம இருந்தது அன்னிக்கு ஒருநாள்தான்னு இப்பவும் சொல்லிக் காட்டுவாரு.

மறுநாள் சாயங்காலம் இவர்கிட்டேர்ந்து போன் வந்துது. மேல எங்கேயோ கொட்டின மழையில ஓடை திடீர்னு பொங்கி, மரப்பாலத்தையே அடிச்சுட்டுப் போயிடுச்சாம். விருந்தாளிங்களை எப்பவும் உக்கார வெக்கற பாறை இருந்த இடமே தெரியலயாம். டாக்டரும் இவரும் ஏரிக்கரை மேட்டுல நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்காங்க. நான் தரையில உக்காந்து அழுதேன். ஓடைக்குப் போங்கன்னு பிடிச்ச பிடியில நின்னவ நான்தானே.

இதுவரைக்கும்கூட ஏதோ தற்செயல்னு நீங்க சொல்லிடலாம். நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தப்புறம் இவரு இன்னொண்ணு சொன்னாரு. முதல் மீன் மாட்டினதும் வயித்தைக் கீறி, என்ன தின்னிருக்குன்னு பார்க்கறது அவர் வழக்கம். அன்னிக்குக் கீறினா வயிறு சுத்தமாக் காலி. காலையிலேர்ந்து ஏரி மேல ஒரு பூச்சிகூடப் பறக்கலயாம், ஐப்பசியில அப்படி அவர் பார்த்ததே இல்லயாம். பசியில கிடந்த மீனெல்லாம் என் ஃப்ளை மேல பாய்ஞ்சிருக்கு.

அந்தப் பூச்சிக்குச் சிறகு முளைச்சா ஆயுசு ஒரே ஒரு நாள்தாங்க. அதுக்குள்ள பறந்து, ஜோடி சேர்ந்து, தண்ணியில முட்டை போட்டுட்டுச் செத்துடும். அந்த ஒரு நாளை விட்டுட்டு, மலையிறங்கி, இவ்வளவு தூரம் எங்க சந்துக்கு எதுக்கு வந்துதுங்க? யார் சொல்லி வந்துதுங்க? இப்பவும் மிதக்கற ஃப்ளை கட்ட உக்காந்தா, முதல்ல அந்த ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுத்தான் நூலையே எடுக்கறேன்.