கிளிப்பச்சைக் குடும்பம்

கிளிப்பச்சை நிறத்தில் யாராவது எதையாவது அன்பளிப்பாகத் தந்தால் இன்றைக்கும் அதை நான் வீட்டில் வைத்திருப்பதில்லை. அடுத்த கலியாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ வேறு யாருடைய தலையிலாவது கட்டிவிடுவேன். நல்ல நிறம்தானே, அது உனக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. என் மானத்தைக் கப்பலேற்றியது. அதுதான் செய்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கும் தம்பிக்கும் அது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைக்கிற ஏதோ ஒரு விஷயம், அவ்வளவுதான். அந்த ஆவணியில் கனடாவிலிருந்து சித்தப்பா வருவதாக இருந்தது. அப்பாவின் ஒரே தம்பி. பதினெட்டு வயதில் போனவர், அதற்குப் பிறகு முதல் தடவையாகத் திரும்பி வருகிறார். நாங்கள் அவரைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தோம். எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பார்.

“பிள்ளையளை எங்கையாவது கூட்டிக்கொண்டு போவம் அண்ணை. எங்கையெண்டாலும் பரவாயில்லை” என்றார் சித்தப்பா, வருவதற்கு ஒரு மாதம் முன்பே.

எங்கையெண்டாலும் என்ற சொல்லை அப்பாவால் தாங்க முடியாது. எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பாதையால், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் அவர் வாசற்படியைத் தாண்டியதில்லை. தேங்காய் வாங்கப் போனாலும் சேட் பையைத் தொட்டு அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அம்மாவிடம் “உம்மட ஐ.சி எங்கை?” என்பார். அம்மா தேங்காய் வாங்கப் போகிறாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை. வீட்டுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பதுபோல இதுவும் அப்பாவின் ஒரு விசர்ப் பழக்கம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

நாங்கள் தெரிவுசெய்தது கொழும்புக்கு வெளியே இருந்த ஒரு நீர்ப்பூங்கா. சறுக்குகள், செயற்கை அலை அடிக்கும் குளம், எல்லாம் உள்ள இடம். ஹெவ்லொக் டவுனில் இருந்த என் வகுப்புத் தோழி இரண்டு தடவை போய்விட்டு வந்து, ஒரு தவணை முழுக்க அதைப் பற்றியே அளந்தவள். நாங்கள் போகும் அதே சனிக்கிழமை அவர்களும் போகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோசத்தை விடப் பயம்தான் கூட. ஏனென்றால் அதற்குள் அப்பா ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டார்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே போகவில்லை. வெளியே நின்று வாடகை வானை எங்கே நிறுத்துவார்கள், கழிவறை எந்தப் பக்கம், வாசல் ஒன்றா இரண்டா என்றெல்லாம் விசாரித்து, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். “இந்த மனுசன் என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கையும் இவ்வளவு விசாரிக்கேல்லை” என்றார் அம்மா.

அடுத்தது துணி. அப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே என்ன துணி, சாயம் போகுமா போகாதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு மாலை கடையிலிருந்து கிளிப்பச்சைப் பருத்தித் துணியைப் பெரிய பொதியாகக் கட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்குப் பஞ்சாபி உடுப்பு, எனக்குச் சட்டை, தனக்கும் தம்பிக்கும் சித்தப்பாவுக்கும் சேட். எல்லாம் ஒரே துணியில், எல்லாம் ஒரே தையற்காரரிடம்.

“சனத்துக்குள்ள ஆராவது துலைஞ்சா எப்பிடித் தேடுறது? ஒரே நிறத்தில நிண்டா தூரத்தில இருந்தே தெரியும்” என்றார்.

நான் அழுதேன். சாப்பிடமாட்டேன் என்றேன். கடைசியில் சாப்பிட்டேன், சட்டையையும் போட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. எங்களைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. முக்கியமாக அந்தத் தோழி.

சனிக்கிழமை ராகுகாலம் பிடிக்குமுன் வீட்டை விட்டு இறங்கினோம். சித்தப்பாவின் சேட் அவருக்குப் பொருந்தவில்லை. வயிற்றில் பொத்தான் பூட்டுப்பட மறுத்தது, தோளில் இழுத்தது. தன் தம்பியின் அளவு என்று தன் மனத்தில் இருந்ததைத்தான் அப்பா தையற்காரருக்குச் சொல்லியிருக்கிறார்.

“அண்ணை, என்னைப் பதினெட்டு வயசிலயே நிப்பாட்டிப்போட்டியள்” என்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் சேட்டைக் கழற்றவில்லை. பொத்தானைத் திறந்துவிட்டபடியே வானில் ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் அவர் அப்பாவைச் சீண்டிக்கொண்டே வந்தார். ஒரு கோயிலைக் கண்டால் இறங்குவோமா என்பார், ஒரு ஆற்றைக் கண்டால் கால் நனைப்போமா என்பார். அப்பா ஒவ்வொன்றுக்கும் “திரும்பி வரேக்கை” என்றார். பாதையோரத்தில் அன்னாசி வெட்டி விற்கும் கடையொன்றைக் கண்டதும் சித்தப்பா யாரையும் கேட்காமல் சாரதியின் தோளில் தட்டி வானை நிறுத்திவிட்டார். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய துண்டுகளை நாங்கள் சாறு வழிய வழியத் தின்றோம். அப்பா ஒரு துண்டுகூட எடுக்காமல் வானுக்கு வெளியே நின்று, போகிற வருகிற வாகனங்களையும் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லீவுக்குப் போறம் அண்ணை, சோதினைக்கு இல்லை” என்றார் சித்தப்பா.

“உனக்குத் தெரியாது. நீ பேசாமல் ஏறு” என்றார் அப்பா.

நான் முழுக்க முழுக்கச் சித்தப்பாவின் கட்சி. இப்படி ஒருவர் எனக்கு அப்பாவாக வாய்த்திருக்கக்கூடாதா என்று அன்னாசியைச் சூப்பியபடி யோசித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பூங்காவின் பெரிய வாசலில் ஒரு பிரச்சினையும் இல்லை. வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்று அப்பா முன்பே அறிந்து, இடியப்பத்தை வானிலேயே முடிக்கவைத்திருந்தார். சிக்கல் வந்தது குளத்துக்குப் போகும் சின்ன வாசலில். அங்கே நீல உடுப்பும் தொப்பியும் போட்ட ஒரு காவலாளி நின்றார். இளம் ஆள், மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. எங்கள் ஐந்து பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தார். பருத்தி உடுப்போடு தண்ணீருக்குள் இறங்க முடியாதாம். நைலோன் நீச்சல் உடுப்பு வேண்டுமாம். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரிகிற விதி அது. அப்பா வெளியே நின்றல்லவா விசாரித்தார்.

அப்பாவுக்கு முதலில் அது விளங்கவில்லை, விளங்கியபோது நம்பமுடியவில்லை. நல்ல துணிக்கு ஒரு வாசலில் தடை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். கடைச் சிங்களத்தில், உடைத்து உடைத்து, “ஹொந்த ரெதி, மாத்தயா” என்று தொடங்கினார். நல்ல துணி ஐயா, சாயம் போகாது, சுருங்காது. தன் சேட்டின் ஓரத்தைப் பிடித்து அந்த ஆளுக்கு விரித்துக் காட்டினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். தோழியும் அவளுடைய அம்மாவும் வரிசையில் மூன்றாவதாக நின்றார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் என்ன என்று இருந்தது.

காவலாளி கெட்டவர் இல்லை. தூரத்திலிருந்து வந்தவர்கள் போலிருக்கிறது, விசயம் தெரியாமல் வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். சிரித்த முகத்தோடுதான் கேட்டார்.

“கொஹேந்த என்னே?”

எங்கேயிருந்து வருகிறீர்கள். வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடித் திரியும் எனக்கு அது ஒரு நாளில் பத்துத் தடவை காதில் விழும் கேள்வி.

அப்பா துணியை விட்டார். முதுகை நேராக்கினார். வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். இடுப்புப் பையைத் திறந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்து, அதை இரண்டு கையாலும் பிடித்து அந்தப் பையனிடம் நீட்டினார். அதற்குள் அவருடைய அடையாள அட்டை, அம்மாவுடையது, சித்தப்பாவின் கடவுச்சீட்டின் பிரதி, என்னுடையதும் தம்பியுடையதுமான பிறப்புச் சான்றிதழ்கள். பிறகு பேசத் தொடங்கினார். பெயர், வீட்டு இலக்கம், ஒழுங்கை, வீட்டுக்காரரின் பெயர், எந்த ஊரிலிருந்து எந்த வருடம் கொழும்புக்கு வந்தார், எங்கே வேலை, இவர்கள் யார், எதற்காக இங்கே வந்திருக்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்பிப் போவோம். ஒரு தடங்கல் இல்லை, ஒரு பிழை இல்லை. அத்தனையும் நல்ல சிங்களம். துணியைப் பற்றி இரண்டு சொல் சேர்த்துச் சொல்லத் தெரியாத மனுசனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

காவலாளி அந்த உறையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அண்ணே, இது தண்ணித் தொட்டி” என்று சிங்களத்தில் அவர் சொன்னதும் வரிசை முழுக்கச் சிரித்தது. தோழியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா நீட்டிய கையை மடக்கவே இல்லை. யாரோ தெரியாத ஆள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழி இல்லை. நான் அவருடைய பிள்ளை என்று என் சட்டை உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

சிரிக்காதவர் ஒருவர் மட்டும்தான். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்த சித்தப்பா. அவர் மெல்ல வந்து அப்பாவின் கையிலிருந்து அந்த உறையை எடுத்தார். எடுப்பதற்கு அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது.

“ஒண்டுமில்லை அண்ணை. இது குளிக்கிற இடம். இஞ்ச ஒருத்தரும் கேக்கமாட்டினம்” என்றார்.

வாடகைக்கு நீச்சல் உடுப்பு எடுத்து நானும் தம்பியும் தண்ணீரில் இறங்கினோம். அம்மா நிழலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீரைப் பற்றியே ஒரு மாதமாகக் கதைத்த சித்தப்பா இறங்கவே இல்லை. குளத்தின் ஓரத்தில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளில் அவரும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், கிளிப்பச்சையாக. ஒரு தடவை அலையோடு மேலே வந்து பார்த்தபோது சித்தப்பா துவாயால் முகத்தை மூடியிருந்தார். வெயில் கண்ணில் குத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தோழி நீந்தி அருகில் வந்தாள். “அவர் உன்ர அப்பாவா? ஏன் ஐ.சி எல்லாம் காட்டினவர்?” என்று கேட்டாள்.

“அவருக்குச் சிங்களம் விளங்காது” என்றேன்.

பல வருடம் கழித்து, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒருநாள் அடையாள அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனேன். அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். இந்த மனுசனோடு மானத்தோடு வாழமுடியாது என்று மாலையில் வந்து கத்தினேன். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

சண்டைக் காலத்தில், கனடாவுக்குப் போவதற்கு முன், சித்தப்பாவும் அப்பாவும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்களாம். இப்போதைய எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. பயணத்துக்கு எல்லாம் சரி. ஒரு பின்னேரம் சித்தப்பா பசிக்கிறது என்றாராம். அப்பா இருந்தபடியே எழும்பி, சாரத்தோடு, முக்குக் கடைக்குப் பாண் வாங்கப் போயிருக்கிறார். அடையாள அட்டை சேட் பையில். சேட் கொழுக்கியில். வழியில் பொலிஸ் மறித்து அட்டையைக் கேட்டதாம். அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை. சித்தப்பாவின் பயண நாளும் வந்தது. என்ன நடந்தாலும் நீ போகவேண்டும் என்று அண்ணன் முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவர் போனார். அப்பா வெளியே வந்தபோது சித்தப்பா கனடாவில் குளிருக்கு உடுப்பு வாங்கியிருந்தார். உள்ளே என்ன நடந்தது என்பது அம்மாவுக்கும் தெரியாது. நான் கேட்டுப் பார்த்தேன். “பாண் வாங்கப் போனனான், வரப் பிந்திப்போச்சு” என்றார் அப்பா.

அன்று பூங்காவிலிருந்து அப்பா சொன்ன நேரத்துக்கே புறப்பட்டோம். கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்துச் சாரதியை அவசரப்படுத்தியவர் அப்பா இல்லை, சித்தப்பா. பிளாஸ்ரிக் உறை அவருடைய மடியில் இருந்தது. காலையில் நின்ற அதே அன்னாசிக் கடை வந்தது.

“சித்தப்பா, நிப்பாட்டுவமா?” என்றேன்.

“வேண்டாமம்மா. அண்ணை சொன்ன நேரத்துக்கு வீட்ட போவம்” என்றார்.

கடை பின்னால் போய் மறையும்வரை கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கனடாவிலிருந்து வந்தவரையும் அப்பா ஒரே நாளில் தன்னைப்போல ஆக்கிவிட்டார் என்று தம்பியின் காதுக்குள் சொன்னேன்.