அமலியக்காவின் கிணற்றுத் தண்ணீர்

போன வாரம் தண்ணீர் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வந்தவர், ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “பாருங்க சார், உள்ள ஒண்ணுமே இல்ல.” நல்ல செய்திதான். எனக்கு ஏனோ முதுகு சில்லிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லாத தண்ணீரை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதிலிருந்து பளிச்சென்ற தண்ணீர் என்றாலே எனக்குச் சந்தேகம். வீட்டில் சிரிக்கிறார்கள்.

உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில், விலங்கியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாணவர்களுக்குக் காட்ட ஒற்றைச் செல் உயிர்களை வளர்ப்பது என் பொறுப்பு. வைக்கோலைக் கொதிக்கவைத்து, ஆறியதும் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் சேர்த்து வைத்தால் சில நாளில் பரமீசியம் பெருகிவிடும். அந்த வாடை இருக்கிறதே, மறந்துபோன பழைய சோறும் மாட்டுத்தொட்டியும் சேர்ந்த வாடை. அதன் புண்ணியத்தில் கம்பம் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி.

தண்ணீர் கொண்டுவருபவர் ஆய்வக உதவியாளர் அமலியக்கா. மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி வீடு, வாசலிலேயே கிணறு. குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான், துணியில் வடிகட்டிக்கொள்வார்கள். திங்கள்கிழமைதோறும் ஒரு பாட்டில் வரும். அதை வைத்தே நான் பருவம் சொல்வேன். கோடையில் தண்ணீர் சுண்டிப் பச்சையானால் யூக்ளினா மொய்க்கும். மலைமேல் அணையைத் திறந்து, லோயர் கேம்ப்பில் தண்ணீர் இறங்கி வாய்க்கால் ஓடினால் கிணறு ஊறிக் கலங்கும், கூட்டம் மெலிந்துவிடும். சருகு விழுந்து அழுகினால் பரமீசியத்துக்குத் திருவிழா. வெயிலும் நிழலும் மாற மாற உள்ளே குடித்தனக்காரர்களும் மாறுவார்கள்.

ஒருநாள் பெருமையடிக்கும் ஆசையில் அமலியக்காவை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தேன். கண்ணை வைத்தவர் வெடுக்கென்று பின்னால் சாய்ந்தார். “ஆத்தாடி! இதையா சார் நாங்க குடிச்சுக்கிட்டு இருக்கோம்?”

நான் சிரித்தேன். பரமீசியம் யாரையும் ஒன்றும் செய்யாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சில வாரம் கழித்து வந்த பாட்டில் பளிங்குபோல இருந்தது. அக்கா முகமெல்லாம் பூரிப்பு. “அடிக்கல்லு தெரியுது சார்! ஞாயித்துக்கெழம மகளுக்குப் புதுநன்ம, மொதமொதலா நற்கருணை வாங்குறா. இந்தத் தண்ணியிலதான் விருந்துச் சமையல்.”

ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். வெள்ளை வட்டம். வேறு சொட்டு. லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொன்று. செத்ததுகூட ஒன்றில்லை, வெறும் வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் நான் அதைப் பார்ப்பதுபோல இல்லை, அது என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அக்காவும் பார்த்தார். “எங்கன சார் போனாக எல்லாரும்?”

“கெணத்துல என்னக்கா போட்டீக?”

“துத்தந்தான். திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தம். பாசி ஒரே வாரத்துல போயிரும்னு கொழுந்தனாரு சொன்னாக. நீங்க காட்டுனதுல இருந்து எனக்குத் தண்ணி தொண்டையில எறங்கல சார்.”

துத்தம் செம்பு உப்பு, பாசியோடு நிற்காது, அளவு மீறினால் குடிப்பவரையும் விடாது. அன்று மத்தியானமே கூடப் போனேன். எட்டிப் பார்த்தால் வழக்கமாகத் தொபுக்கென்று குதிக்கும் தவளை இல்லை. தண்ணீர்மேல் ஓடும் பூச்சி இல்லை. அடிக்கல் வரை லேசான நீலம். அதன்மேல் எங்கள் இருவர் முகமும் ஆடாமல் அசையாமல் கிடந்தன. பட்டப்பகலில் ஒரு கிணற்றுக்குப் பயந்தேன்.

“யாரும் குடிச்சீகளா?”

“விருந்துக்குன்னு யாரையும் தொட விடல சார். துத்தம் போட்டதுல இருந்து ஊர்க் குழாய்த் தண்ணிதான்.”

எனக்கு உயிர் வந்தது. விருந்துக்கும் குழாய்த் தண்ணீரே போதும், கிணற்றை இறைத்துவிடுங்கள் என்றேன். கொழுந்தனாருக்குக் கோபம். “கண்ணுக்குத் தெரியாத பூச்சி செத்துச்சுன்னு கெணத்த எறைக்கச் சொல்றாரா ஒங்க சாரு?”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “இருந்தப்பவும் பாத்தேன், இல்லாதப்பவும் பாத்தேன். இல்லாததுதான் பயமா இருக்கு. மோட்டாரப் போடுங்க.”

விருந்து குழாய்த் தண்ணீரில் நடந்தது. கிணறு மறுபடி மறுபடி இறைக்கப்பட்டது. அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, ஊரைவிட்டுப் போன சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோலக் கேட்பார்: “வந்தாகளா சார்?” உதட்டைப் பிதுக்குவேன். எந்த மாதம் என்று நினைவில்லை, முதலில் பொடிப் புள்ளிகளாய் ஏதோ துடித்தது. மழைக்குப் பிறகு ஒரு திங்கள், ஒரே ஒரு பரமீசியம்.

அக்கா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “ஒத்தையா சுத்துதே சார்” என்றார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார்.

இப்போது அந்தக் கிணறு இல்லை. போர்வெல் போட்டபின் மண்ணடித்து மூடி, மேலே வண்டி நிறுத்துகிறார்கள். கல்லூரியில் மைக்ராஸ்கோப்புக்குப் பதில் திரையில் படம் ஓடுகிறது. வைக்கோல் வாடை யாருக்கும் தெரியாது. போன தை மாதம் அமலியக்காவும் போய்விட்டார்.

வடிகட்டிக்காரர் கிளம்பியதும் பரணிலிருந்த என் பழைய மைக்ராஸ்கோப்பை இறக்கினேன். தம்ளரிலிருந்து ஒரு சொட்டு. அதே வெள்ளை வட்டம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ பதிலுக்குக் காத்து நிற்பதுபோல இருந்தது.

“இன்னும் வரலக்கா” என்றேன், சத்தமாகவே.