பவுடருக்குச் சாகாத வம்சம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் என் மகள் பிறந்தாள். கணவரின் அக்கா, நான் அண்ணி என்று அழைப்பவர், தம் பிள்ளைகள் படுத்து வளர்ந்த மரத்தொட்டிலைப் புக்கிட் பாருவில் இருந்த தம் வீட்டிலிருந்து காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். சில நாளிலேயே குழந்தையின் முதுகெல்லாம் தடிப்பு. மூட்டைப்பூச்சி.

பெயர் சூட்டிய அன்று அண்ணி எல்லோர் முன்னாலும் குழந்தையைக் குப்புறத் திருப்பிக் காட்டினார்.

"கான்வெண்டுல படிச்ச பொண்ணு. வீடு கூட்டத்தான் சொல்லித் தரல போல. எங்க வீட்டுல வாரா வாரம் டி.டி.டி. பவுடரு போடுறோம்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

குழந்தையின் மூச்சில் போய்விடுமோ என்று பயந்து, அதுவரை பவுடர் பக்கமே நான் போனதில்லை. அன்று தொட்டிலை வெளியே போட்டு, இடுக்கெல்லாம் அப்பினேன். பூச்சிகள் பவுடரைப் பூசிக்கொண்டே நடந்தன. எனக்குத்தான் போடத் தெரியவில்லையோ என்று மறுபடி அப்பினேன். அப்போதும் நடந்தன.

நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஆயிரத்தில் ஒரு பூச்சி பிறவியிலேயே பவுடரைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டேன். மற்றவை செத்ததும் அது மட்டும் முட்டையிடும். குஞ்சுகளும் தாங்கும். போடப் போட, சில தலைமுறைகளில் கூட்டம் முழுவதும் அதன் வம்சமாகிவிடும். அப்படியானால், பவுடரே காணாத என் வீட்டுப் பூச்சிகள் முதல் தடவையிலேயே கொத்துக்கொத்தாகச் செத்திருக்க வேண்டும். இவை வேறொரு வீட்டில் தேறியவை. தொட்டிலோடு வந்தவை.

சினிமாக் கொட்டகை நாற்காலியிலிருந்து வந்திருக்குமோ என்றும் குழம்பினேன். ஆனால் பிள்ளை உண்டானதிலிருந்து நானும் கணவரும் கொட்டகைக்குப் போகவே இல்லை.

கொதிநீரைத் தாங்கும் வம்சம் கிடையாது. கேத்தல் கேத்தலாக ஊற்றினேன். என் பிள்ளையின் ரத்தத்தைக் குடித்தவை சுருண்டு விழுவதை நின்று பார்த்தேன். அதன்பின் குழந்தையின் முதுகில் புதுத் தடிப்பு வரவில்லை.

தீபாவளிக்கு வந்த அண்ணி குழந்தையின் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு தம் கழுத்தைச் சொறிந்துகொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்க வீட்டுல பவுடரு முன்ன மாதிரி கேக்கல. நீ என்னம்மா போட்ட?"

அவர் வீட்டிலும் பிள்ளைகள் படுக்கிறார்கள் என்று நினைத்தேன். கொதிநீர் என்று சொல்லிவிட வாயும் திறந்தேன்.

"நீங்க சொன்ன அதே பவுடருதான் அண்ணி. வாரத்துக்கு ரெண்டு தடவயா போடுங்க."