குற்றாலத்து விசில்

குற்றாலத்தில் விசில் சத்தம் கேட்டால் அசையக்கூடாது என்பது என்னைப் போன்ற தென்காசிக்காரர்கள் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். கூட்டம் நகர வேண்டுமே என்று காவலுக்கு நிற்பவர்கள் நாள் முழுக்க ஊதுவார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் வெளியே வந்தால் தலை நனையாது. வெளியூர்க்காரர்கள்தான் பயந்து ஓடுவார்கள்.

போன சீசனில் ஒரு மத்தியானம், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு என் ஏழு வயது மகளோடு அருவியில் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். விசில் ஊதினார்கள். மகள் வெளியே ஓடப் பார்த்தாள்.

"சும்மா நில்லுட்டி, அது வெளியூர்க்காரவுகளுக்கு" என்று தோளைப் பிடித்து நிறுத்தினேன். மறுபடியும் விசில். ஊதியவர்களைப் பார்த்து இரண்டு நிமிடம் என்று விரலைக் காட்டினேன்.

ஊர்க்காவல் படைப் பெண் ஒருத்தி சீருடையோடு அருவிக்குள்ளேயே வந்துவிட்டாள். மகளை அள்ளிப் படியில் நின்றவர்களிடம் கொடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். எண்ணெய்க் கை, வழுக்கியது. இன்னொரு முறையும் வழுக்கியது. சட்டென்று என் பின்னலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள்.

"ஏட்டி, முடிய விடு. நான் யாருன்னு தெரியுமா?" என்று கத்தினேன். நான் யாருமில்லை, குத்துக்கல்வலசையில் மாவு மில் வைத்திருப்பவரின் மனைவி. கோபத்தில் வாயில் வந்துவிட்டது.

படியேறித் திரும்பினால் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டியது. கீழே வெயில், மழை மலைமேல் பெய்திருக்கிறது. நாங்கள் பிடித்து நின்ற கம்பியைக் காணவில்லை. அங்கே ஒரு மரக்கட்டை விழுந்து உருண்டது. என் மகள் உயரம் இருக்கும்.

நன்றி சொல்லப் போனேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"எக்கா, முடி ரொம்ப வலிச்சிட்டோ? கையில எண்ணெயா, வேற வழி தெரியல."

கட்டிக்கொண்டு அழுதேன். நனைந்த சீருடையெல்லாம் என் எண்ணெய். அவளுக்கு நான் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறேன். என் மகளை அங்கே பிடித்து நிறுத்தியது நான்தான் என்பதை மட்டும் அவளிடம் சொல்ல முடியவில்லை.

இப்போதும் சீசனுக்குப் போகிறோம். முதல் விசிலுக்கே மகள் வெளியே வந்துவிடுகிறாள். அவள் பின்னாலேயே நானும் வந்துவிடுகிறேன், தலை நனையாவிட்டாலும்.